காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு பேர்

கேள்வி:

ஐயா, வணக்கம். கோவை பீளமேட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவருக்கு இந்த வருடம் பைபாஸ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள். புரோக்கர் மூலமாக அந்த வீட்டைக் கல்லூரிப் பையன்களுக்கு விட்டிருக்கிறார்கள். ஏழு பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிறந்தநாள் என்று கத்துகிறார்கள், ஒரு தடவை பட்டாசே வெடித்தார்கள். பைக்கை எங்கள் கேட்டை மறித்து நிறுத்துகிறார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவதால் டேங்க் வழிந்து எங்கள் பக்கத்துச் சுவரெல்லாம் ஓதம். குப்பையைக் கவரில் கட்டித் தெருமுனையில் வீசுகிறார்கள். சில நாள் பெண் பிள்ளைகளும் வந்து போகிறார்கள். காலை ஐந்து மணிக்கே எழுந்து சாமி பாட்டுப் போட்டு விளக்கேற்றுகிற வீடு எங்களுடையது. ராத்திரித் தூக்கம் கெட்டால் அன்றைய நாளே கெட்டுவிடுகிறது. இரண்டு தடவை மாடியிலிருந்து சத்தம் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் அடங்குவார்கள், மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். இனிமேல் பேச்சிலர்களுக்கு வீடு விடக்கூடாது என்று எங்கள் தெரு நலச்சங்கத்தில் வருகிற ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் போடப்போகிறார்கள். என்னையும் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் போலீசில் புகார் கொடுப்பதா, கல்லூரிக்கு எழுதுவதா, தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவதா? அந்தப் பையன்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

— ஓய்வு பெற்ற ஆசிரியை, பீளமேடு

பதில் (வழக்கறிஞர், சமரசர்):

அம்மா, வணக்கம். உங்கள் மூன்று கேள்விக்கும் முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். போலீஸ் புகார் இப்போதைக்கு வேண்டாம். கல்லூரிக்கு எழுத வேண்டாம். தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பொறுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். இதய ஆபரேஷன் ஆனவருக்கு ராத்திரித் தூக்கம் மருந்து மாதிரி அவசியம். அது கிடைத்தே ஆக வேண்டும். அதற்கு இந்த மூன்றையும்விடச் சீக்கிரம் பலன் தரும் வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் இன்னும் அதைத் தொடவில்லை.

கடிதத்தின் கடைசி வரியில் நீங்களே அதை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் பெயரும் உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் உங்கள் பெயர் தெரியாது. மாடியிலிருந்து சத்தம் போடுகிற ஒரு அம்மா, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சுவருக்கு அப்பால் ஆபரேஷன் ஆன ஒருவர் படுத்திருக்கிறார் என்பதை அவர்களிடம் யார் சொன்னார்கள்? புரோக்கர் சொல்லியிருக்க மாட்டார். வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார். நீங்களும் சொல்லவில்லை.

குடியிருப்புத் தகராறுகளைச் சமரசத்துக்கு எடுக்கும்போது நான் முதலில் கேட்பது, சண்டை வருவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா என்பதுதான். கல்லூரிப் பக்கத்துத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். இதில் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மற்ற தெருக்களில் பக்கத்து வீடு என்றால் பத்து வருடம், இருபது வருடம் ஒரே குடும்பம். பழக்கம் தானாக வந்துவிடும். உங்கள் தெருவில் ஜூன், ஜூலை வந்தால் ஆள் மாறுகிறது. முதல் வருடம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு, இரண்டாம் வருடம் சாப்பாடு பிடிக்காமலோ, செலவைக் குறைக்கவோ, கொஞ்சம் சுதந்திரமாக இருக்கலாம் என்றோ நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு பிடிக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் போய்விடுகிறார்கள். உங்களுக்குப் பழகிய முகம் போய், அதே வீட்டில் பழகாத முகம் வந்து நிற்கிறது. இந்த மாதிரித் தெருவில் அறிமுகத்தை யாராவது ஒருவர் வருடா வருடம் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அது அங்கேயே இருக்கிறவர் வேலை. நேற்று வந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது தோன்றாது.

நீங்கள் குடியிருப்பது பீளமேடு. பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி 1947-இல் வந்தது, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல். 1956-இல் சி.ஐ.டி. பொறியியல் கல்லூரி வந்தது, 1963-இல் கிருஷ்ணம்மாள் மகளிர் கல்லூரி. பஸ் நிறுத்தத்துக்கே ஹோப் காலேஜ் என்று பெயர். நீங்கள் குடிவருவதற்கு வெகு காலம் முன்பே இது மாணவர்கள் ஊராகிவிட்டது. உங்கள் தெருவில் வீட்டு மதிப்பு ஏறியதிலும், மெஸ்ஸும் ஜெராக்ஸ் கடையும் பேக்கரியும் பிழைப்பதிலும் இந்தப் பையன்களுக்குப் பங்கு உண்டு. எந்தக் கல்லூரிப் பையன்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. நல்லது, அது இந்த விஷயத்துக்குத் தேவையும் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரம் ஒரு நாள் நேரில் போய்ப் பேசுங்கள். சத்தம் நடக்கிற ராத்திரியில் போகாதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கும் கோபம் இருக்கும், நண்பர்கள் முன்னால் அவர்களுக்கும் வீம்பு வரும். காலை எட்டு மணியும் வேண்டாம், குளிக்கிற வரிசையில் நிற்பார்கள். சனி, ஞாயிறில் பதினொரு மணிக்கு மேல் போனால் எழுந்திருப்பார்கள். ஒன்றிரண்டு பேர் ஊருக்குப் போயிருக்கலாம், பரவாயில்லை, இருப்பவர்களிடம் பேசினால் போதும். கையில் பலகாரம் கொண்டுபோக வேண்டும் என்று எதுவும் இல்லை, கொண்டுபோனால் தப்பும் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள். உள்ளே போய் வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். வீடு எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும்.

முதலில் பெயர் கேளுங்கள். எந்த ஊர், என்ன படிக்கிறார்கள், எத்தனையாவது வருடம் என்று கேளுங்கள். தேனிப் பையன் இருக்கலாம், தர்மபுரிப் பையன் இருக்கலாம், பாலக்காட்டிலிருந்து வந்தவர் இருக்கலாம். உங்கள் பெயரையும் சொல்லுங்கள். பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள்: "தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்குது. பத்து மணிக்குப் படுத்துக்குவார். அந்தா தெரியுதுங்களே, அந்த ஜன்னல் ரூம்தான். அந்தப் பக்கம் மட்டும் ராத்திரி பார்த்துக்குங்க சாமி." இவ்வளவுதான். எந்த ஜன்னல் என்று விரலை நீட்டிக் காட்டுவது ரொம்ப முக்கியம். 'சத்தம் போடாதீர்கள்' என்றால் அவர்கள் காதில் அது பொதுவான அதட்டலாக விழும். ஒரு ஜன்னலைக் காட்டிவிட்டால், அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது மனதில் பதியும். முதல் நாள் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். பைக், தண்ணீர், குப்பை எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினால் எதுவும் நிற்காது.

திரும்பும்போது ஒருவர் போன் நம்பர் வாங்கிக்கொண்டு, உங்கள் நம்பரையும் கொடுங்கள். மோட்டாரைப் போட மறக்கிறவர் யார், பொறுப்பாகப் பதில் சொல்கிறவர் யார் என்று ஒரு ஆசிரியைக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பொறுப்பான பையனின் நம்பரை வாங்குங்கள். அடுத்த தடவை மாடியிலிருந்து கத்த வேண்டாம். "தம்பி, சத்தம் இங்கே கேட்குது, கொஞ்சம் குறைங்க" என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். கத்தினால் ஏழு பேர் முன்னால் அவமானம், அதனால்தான் அரை மணி நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். மெசேஜ் ஒருவருக்கு மட்டும் போகிறது, அவர் உள்ளே திரும்பி "டேய் மெதுவா" என்பார். இதையே தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோவோடு போடாதீர்கள். அங்கே போட்டுவிட்டால் உங்கள் இரண்டு வீட்டு விஷயம் தெரு விஷயமாகிவிடும், அப்புறம் உங்களாலேயே அதை நிறுத்த முடியாது.

சத்தம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். அதை உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. நான் சமரசம் செய்த ஒரு தகராறில், கீழ்வீட்டுப் பெரியவர் 'ராத்திரி ஒரு மணிக்கு மேல்வீட்டில் கூத்தடிக்கிறார்கள்' என்று ஒரு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாணவர்களோ 'சத்தியமாக நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம்' என்றார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அவர்கள் எழுந்து உட்காரும்போது இரும்பு நாற்காலி டைல்ஸில் இழுபட்டிருக்கிறது. மேலே அது சாதாரணமாகக் கேட்கிறது, கீழே இடி மாதிரி இறங்கியிருக்கிறது. நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டியதும் தகராறு முடிந்தது. ஒரு வருடப் பகை, கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற சாமானில் தீர்ந்தது.

உங்கள் வீட்டில் என்னவாக இருக்கும் என்று கவனியுங்கள். தும் தும் என்று சுவர் வழியாக வருகிறதென்றால், ஸ்பீக்கரை உங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டித் தரையில் வைத்திருப்பார்கள். எதிர்ச் சுவருக்கு மாற்றி ஒரு ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னாலே பாதி குறையும். பேச்சுச் சத்தம் என்றால், யாராவது மொட்டை மாடியில் நடந்துகொண்டே போன் பேசுகிறாரா என்று பாருங்கள். ஒரு ரூமில் மூன்று பேர் இருக்கிற வீட்டில் தனியாகப் பேச வேறு இடம் கிடையாது. மாடியின் அந்தப் பக்கமாகப் போய்ப் பேசச் சொன்னால் கேட்பார்கள். பைக் சத்தம் என்றால், பத்து மணிக்கு மேல் வருகிறவர் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு வரலாம். பிறந்தநாளோ தெரிந்தே வருவது. ஏழு பேருக்கு வருடத்துக்கு ஏழு, நண்பர்களைச் சேர்த்தால் இன்னும் சில. பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டுவதை நீங்கள் நிறுத்த முடியாது. ஆனால் வெளியே வேண்டாம், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுங்கள், பட்டாசு கூடவே கூடாது, முந்தின நாளே எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள் என்று கேட்க முடியும். முன்கூட்டித் தெரிந்த சத்தம் தூக்கத்தை அவ்வளவு கெடுப்பதில்லை, ஐயாவுக்கும் சொல்லி வைக்கலாம். செமஸ்டர் பரீட்சை நடக்கிற நாட்களில் அந்த வீடு அமைதியாக இருக்கும். கடைசிப் பேப்பர் முடிகிற ராத்திரிதான் பெரிய ராத்திரி. எந்தத் தேதி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பேசிவிட்டு, ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க பக்கமிருந்து உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்குதுங்களா?" வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிப் பாட்டைச் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன். அம்மா, இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தவை. அவற்றில் இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. ஐந்து மணி அந்தக் கணக்கில் இன்னும் இரவுதான். இரண்டு மணி வரை அசைன்மென்ட் எழுதிவிட்டுப் படுத்த பையனுக்கு உங்கள் ஐந்து மணி, உங்களுக்கு அவர்களின் பன்னிரண்டு மணியைப் போலவே இருக்கும். பூஜையை நிறுத்த வேண்டாம். ஆறு மணி வரை பாட்டு உங்கள் பூஜை அறைக்குள் மட்டும் கேட்கிற அளவில் இருக்கட்டும். நீங்களாக இதை முதலில் சொல்லிவிட்டால், பத்து முதல் ஆறு என்பது இரண்டு வீட்டுக்கும் பொதுவான நேரமாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருப்பது அவர்களுக்கே தெரியும்.

மற்ற மூன்றும் இதைவிடச் சுலபம். குப்பையைப் பாருங்கள். மாநகராட்சி வண்டி காலையில் வருகிறது. அப்போது அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், இல்லை என்றால் கல்லூரிக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். வண்டி எத்தனை மணிக்கு வரும், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தால்தான் வாங்குவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்சல் கவர் நிரம்பியதும் நாற்றம் தாங்காமல் தெருமுனைக்கு எடுத்துப் போகிறார்கள். கேட்டுக்கு உள்பக்கம் மூடி போட்ட இரண்டு வாளி, ராத்திரியே பிரித்து வைப்பது, காலையில் ஒருவர் முறை என்று ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தூய்மைப் பணியாளரிடமும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், அந்த வீட்டு வாசலில் ஒரு விசில் கூடுதலாக அடிப்பார்.

தண்ணீர் விஷயத்தில் பையன்களைவிட வீட்டுக்காரருக்குத்தான் பொறுப்பு அதிகம். நல்ல தண்ணீர் எந்த நாள் வரும், சப்பைத் தண்ணீருக்கு, அதாவது போர் தண்ணீருக்கு, எந்த மோட்டார், எந்த வால்வைத் திருப்ப வேண்டும் என்பது குடும்பங்களுக்கே குழப்பம். டேங்க் நிறைந்ததும் தானாக மோட்டாரை நிறுத்துகிற வாட்டர் லெவல் கன்ட்ரோலர் ஒன்றை அவர் பொருத்திக் கொடுத்தால், உங்கள் சுவரும் பிழைக்கும், அவர் சுவரும் பிழைக்கும், கரண்ட் பில்லும் குறையும். பைக்குக்கு நீங்களே நின்று, இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று காட்டிவிடுங்கள். ராத்திரி திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் கார் வெளியே வர வேண்டும் என்று காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் கேட்டை மறிக்க மாட்டார்கள். நம்பர் கொடுத்திருப்பதால், அப்படி ஒரு ராத்திரி வந்தால் அவர்கள்தான் உங்கள் கையருகே இருக்கிற முதல் ஆட்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகள் வருவதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடச் சொல்கிறேன். இதில் என் கருத்து உறுதியானது. ராத்திரிச் சத்தம், ஓதம், கேட், குப்பை நான்கும் உங்களைத் தொடுகின்றன, அவற்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், என்ன சமைக்கிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்பது உங்களைத் தொடவில்லை. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் அவர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் தீர்ப்பளித்திருக்கிறது. நம் கோவையிலேயே 2019-இல் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை, மணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அப்படித் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் சீலை அகற்ற உத்தரவிட்டது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையாகவே பாருங்கள். சத்தத்தைப் பற்றிப் பேசப்போய் பெண் பிள்ளைகளை இழுத்தீர்கள் என்றால், அந்த நிமிடமே அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். உங்கள் நியாயமான நான்கு குறையும் அதோடு போய்விடும். புராஜெக்ட் வேலைக்கு வருகிற வகுப்புத் தோழிக்கு ஒரு தெருவே கெட்ட பெயர் வைக்கிற கொடுமைக்கு ஒரு ஆசிரியை துணை போகக் கூடாது.

அடுத்தது வீட்டுக்காரர். பையன்களிடம் பேசிய பிறகு அவருக்கும் போன் செய்யுங்கள். முப்பது வருடப் பழக்கம் இருக்கும், குறை சொல்கிற குரலில் வேண்டாம். மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, அந்த வாட்டர் லெவல் கன்ட்ரோலர். இரண்டு, வாடகை ஒப்பந்தம் முறைப்படி இருக்கிறதா என்பது. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும் என்கிறது அது. புரோக்கர் ஒருவர் பெயரில் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஏழு பேரைக் குடிவைப்பது வீட்டுக்காரருக்கே ஆபத்து. குடியிருக்கிற எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் பொறுப்பு வரும். இரவு பத்து முதல் ஆறு வரை அமைதி, குப்பை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் அதில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். மூன்றாவது, கோவையிலேயே இருக்கிற யாராவது ஒரு உறவினர் மாதம் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். வாடகை வாங்குகிறவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் இந்த மாதிரி வீடுகளில் பாதிப் பிரச்சினைக்கு வேர். தெருவில் எல்லோரும் பையன்களைத் திட்டுகிறார்கள், மாதம் பிறந்தால் அக்கவுண்டில் பணம் ஏறுகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இத்தனையும் செய்த பிறகும் ராத்திரி ஆட்டம் தொடர்ந்தால், அப்போது சட்டத்திடம் போங்கள், தயங்க வேண்டாம். இரவு பத்துக்கு மேல் சத்தம் என்றால் 100-க்கோ 112-க்கோ கூப்பிடலாம். ரோந்து போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போவதே பெரும்பாலும் போதும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, கூப்பிட்டு விசாரித்து எச்சரிக்கிற நிலை. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சத்தம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும். பொதுத் தொல்லை என்று வழக்காகப் போனால், இப்போது நடைமுறையில் இருக்கிற குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆம் பிரிவில் தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அந்த ஆயிரம் ரூபாயால் உங்கள் தூக்கம் திரும்பாது. ஆனால் ஒரு வழக்கு, பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பு வருகிற நேரத்தில் அந்தப் பையன் முன்னால் வந்து நிற்கும். வாடகை வீட்டில் இருக்கப்போவது ஒரு வருடமோ இரண்டு வருடமோ, வழக்கு அதையும் தாண்டி நிற்கும். முதலிலேயே போலீஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கும், கல்லூரிக்கு எழுத வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். வீட்டுச் சத்தத்துக்குப் பரீட்சை எழுத முடியாமல் போகிற அளவு தண்டனை கிடைத்தால், அதைப் பார்த்து உங்களுக்கே தூக்கம் வராது.

போலீசுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால், வழக்குப் போடாமலேயே இரண்டு தரப்பையும், வீட்டுக்காரரையும் சேர்த்து, அழைத்துப் பேசி முடித்துவைக்க முடியும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டாலே வழி சொல்வார்கள். அங்கே எழுதிக் கையெழுத்தாகிற உடன்பாடு, வாய்ப்பேச்சைவிட நிற்கும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானம். தன் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது வீட்டுக்காரர் உரிமை. தெரு நலச்சங்கம் தீர்மானம் போட்டு அதைத் தடுக்க முடியாது. குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போவதும் வீட்டுக்காரர் மட்டுமே செய்யக்கூடியது. தீர்மானத்தை எழுதி நோட்டில் ஒட்டி வைக்கலாம், ஒரு வீடும் காலியாகாது. பையன்களுக்கும் தெருவுக்கும் நடுவே பகை மட்டும் மிஞ்சும்.

இதை வேறு ஊர்கள் செய்து பார்த்திருக்கின்றன. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். உறவுமுறை இல்லாத மூன்று பேருக்கு மேல் ஒரே வீட்டில் தங்கக் கூடாது என்று அங்கே பல ஆண்டுகள் விதி இருந்தது. குறிப்பாக மாணவர் வீடுகளை மனதில் வைத்துத்தான் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். கடைசியில், உறவுமுறையை வைத்து ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று 2024-இல் மாநிலமே சட்டம் போட்டுவிட்டது. அதே ஊரில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வீட்டில் விருந்து வைக்கிற மாணவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். சத்தம் என்று புகார் வந்தால் போலீஸ் நேரே வராமல் முதலில் போனில் கூப்பிட்டுச் சொல்வார்கள். இருபது நிமிடத்துக்குள் அவர்களே கூட்டத்தைக் கலைத்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு நான் சொன்ன முந்தின நாள் மெசேஜும் அதே வழிதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், வேறொரு யோசனையை முன்வையுங்கள். ஒரே ஒரு தாள். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்த நாள் நல்ல தண்ணீர், வண்டி எங்கே நிறுத்துவது, இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி, அவசரத்துக்குச் சங்கத்தில் இருவர் போன் நம்பர், பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியும் மருந்துக் கடையும். தமிழிலும் ஆங்கிலத்திலும், முடிந்தால் மலையாளத்திலும். ஜூன், ஜூலையில் புதிதாகக் குடிவருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் சங்கத்திலிருந்து இரண்டு பேர் நேரில் போய் அதைக் கொடுத்து, பெயரும் நம்பரும் வாங்கி வர வேண்டும். குடும்பமோ பேச்சிலரோ, எல்லோருக்கும் ஒரே தாள். சங்கக் கூட்டத்துக்கு மாணவர் வீடுகளிலிருந்தும் ஒருவரைக் கூப்பிடலாம். தாளை எழுதித் தர நான் தயார் என்று நீங்கள் சொன்னால், தீர்மானத்தைத் தள்ளிப்போட அதுவே காரணமாகும்.

பையன்களைப் பார்க்கப் போவதைக் கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் யாராவது எழுந்து "அந்த வீட்டுக்காரங்க" என்று ஆரம்பித்தால், அவர்கள் பெயரைச் சொல்லிப் பதில் சொல்ல உங்களால் முடியும். ஐயாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் ஓதத்தை இப்போதே போட்டோ எடுத்துத் தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், மழைக்கு முன்னால் பூச்சு வேலை முடிந்தாக வேண்டும்.